எட்டாவது சுபிகராய்

அர்லேகி, 9 பிப்ரவரி 2016

அன்புள்ள அக்கா தோமாசாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கறுப்பி ஞாயிறன்று கிடாரிக் கன்று போட்டது. உன் முழங்கால் இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது, மடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுக்கிறார்களா என்று உன் தம்பி பெண்டாட்டி அராஞ்சா கேட்கச் சொன்னாள்.

ஒரு விஷயம். பம்ப்லோனாவிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். நம் பக்கத்துக் குடும்பப் பெயர்கள் எங்கிருந்து கிளைத்தன என்று பார்க்கிறாளாம். சுபிகராய் என்ற பெயருள்ள ஆண்களைத் தேடிப் பிடித்து எட்டுப் பேரிடம் எச்சில் வாங்கினாள். சிலி நாட்டில் இருவர், பில்பாவோவில் மூவர், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருவர், பிறகு நான். அந்தப் பெயர் பிறந்த வீட்டிலேயே குடியிருப்பவன் என்பதால் என்னை வாசலில் நிற்கவைத்துப் படமும் எடுத்தாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

முடிவு வந்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒரு துணுக்கு உண்டாம். ஏழு சுபிகராய்களுக்கும் அது அச்சாக ஒன்று. எட்டாவது ஆளுக்கு மட்டும் வேறு. எட்டாவது ஆள் நான்.

"எல்லாக் குடும்பத்துலயும் எங்கேயாவது இப்படி ஒண்ணு இருக்குங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் இருந்த பரிவு எனக்குப் பிடிக்கவில்லை. அராஞ்சா சிரித்தாள். "முப்பது வருஷமா சுபிகராய் ரத்தம்னு அலட்டிக்கிட்டீங்களே, இப்ப யார் வீட்டு ரத்தம்னு விசாரிச்சுட்டு வாங்க" என்றாள். நானும் சிரித்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அக்கா, நான் பிறந்தபோது உனக்குப் பத்து வயது. அந்த நாட்களில் வீட்டில் ஏதாவது பார்த்தாயா, ஏதாவது காதில் விழுந்ததா? அப்பா போய் இருபது வருஷம், அம்மா போய் ஐந்து. உன்னைத் தவிர கேட்க எனக்கு ஆளில்லை.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் தம்பி,
எலாதியோ


வில்யாசெக்கா மடம், 28 பிப்ரவரி 2016

அன்புத் தம்பி எலாதியோவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கன்றுக்குச் சீம்பால் வயிறு நிறையப் போகட்டும். போன முறை பாதியை அராஞ்சா அடுப்பில் ஏற்றிவிட்டாள் என்று நீயே எழுதினாய்.

எச்சிலைத் துப்பிக் குலம் தேடுகிற காலம் வந்துவிட்டதா? குழாய் மாறியிருக்கும், சீட்டு மாறி ஒட்டியிருப்பார்கள். இங்கே பன்னிரண்டு பேர் துணி ஒன்றாகத் துவைத்தாலே காலுறை மாறிவிடுகிறது. மறுபடி எடுக்கச் சொல், இல்லாவிட்டால் அந்தக் காகிதத்தை அடுப்பில் போடு. அம்மா அறுபது வருஷம் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள். அவளை இதில் இழுக்காதே.

கறுப்பிக்கு மடி வீங்கவில்லையே? மறக்காமல் எழுது. உங்கள் இருவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா தோமாசா


அர்லேகி, 20 மார்ச் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதேதான். கறுப்பியின் மடி நன்றாக இருக்கிறது.

மாட்டைப் பற்றி அவ்வளவு எழுதினாய், நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி எழுதவில்லை. பத்து வயதில் எதைப் பார்த்தாய் என்றுதான் கேட்டேன். ஒன்றையும் பார்க்கவில்லை என்றாவது எழுதியிருக்கலாம்.

இப்போதெல்லாம் முகம் மழிக்க அரை மணி நேரம் ஆகிறது. அப்பாவின் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவர் குட்டை, எனக்குக் கதவு நிலை இடிக்கிறது. அவருக்குக் காது விடைத்திருக்கும், எனக்கு ஒட்டியிருக்கிறது. ஐம்பத்தெட்டு வருஷம் இது என் கண்ணில் படவே இல்லை பார். ஞாயிறு பூசையில் ஊர்க் கிழவர்களின் மூக்கை வரிசையாக அளக்கிறேன். பங்குச் சாமியாரைக்கூட விடவில்லை, அவர் என்னைவிட இருபது வயது இளையவர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

போன வாரம் சபினா கிழவி இறந்துபோனாள். சாவு வீட்டில் என் சீட்டுக் கூட்டாளி பிட்டோர் பின்னாலிருந்து வந்து முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். "என்னடா உம்முனு நிக்கற? செத்தது அவளா நீயா?" என்றான். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. அவன் தட்டினால் அதைத் துலக்க அராஞ்சாவுக்கு அரை நாள். அவள் திட்டியதை உனக்கு எழுதினால் நீ பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும்.

பதில் போடு அக்கா. மாட்டைப் பற்றி வேண்டாம்.

எலாதியோ


வில்யாசெக்கா மடம், 30 மே 2016

அன்புத் தம்பிக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். தவக்காலம் போனது, பாஸ்கா போனது, பிறகு புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்காக நாலு ஊருக்கு பிஸ்கோத்து சுட வேண்டியிருந்தது. கையெல்லாம் பாதாம் வாடை.

கிழவர்களின் மூக்கை அளப்பதை நிறுத்து. உன்னை வீட்டுக்கு வாரிசாக்கியவர் அப்பா. கையெழுத்துப் போட்டவர் அவர். அவருக்கு இல்லாத சந்தேகம் உனக்கு எங்கிருந்து முளைத்தது? பெற்றவளைப் பற்றி இப்படி நினைக்க எப்படி மனம் வந்தது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாவு ஆலைப் பக்கம் போய் எதையும் கிளறாதே. உர்பானோ செத்து நாற்பது வருஷம் ஆகிறது. செத்தவர்களை விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். அராஞ்சாவுக்கு என் ஆசீர்.

அக்கா


அர்லேகி, 8 ஜூன் 2016

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

என் கடிதத்தில் பிட்டோர் இருந்தான். சாவு வீட்டில் பார்த்தேன் என்று எழுதினேன். ஆலை என்ற சொல்லே அதில் இல்லை. அவன் அப்பா உர்பானோவின் பேச்சும் இல்லை. ஊரில் இத்தனை கிழவர்கள் இருக்க, நீ நேராக ஆலைக்காரனிடம் போய் நின்றிருக்கிறாய். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாய் அக்கா.

உன் கடிதம் வந்த மறுநாளே ஆலைக்குப் போனேன். ஒரு குழாயை நீட்டினேன்.

"இதுல துப்பு."

"எதுக்குடா? மாட்டு டாக்டர்கிட்ட வேலைக்குச் சேந்துட்டியா?"

"துப்புன்னா துப்பு. உங்கப்பாவுக்கும் எங்கம்மாவுக்கும்…" என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரிப்பு நின்றது. "அம்பது வருஷமா உன்கூட சீட்டாடறேன். இவ்வளவு கேவலமா நீ ஒரு ஆட்டம் ஆடினதில்ல" என்றான். ஆனாலும் துப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு வியாழக்கிழமைச் சீட்டுக்கு அவன் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசையில், கோயிலில் நம் வீட்டு இடத்தில் திரி சுற்றிய மெழுகுப் பலகையை ஏற்றி, வீட்டில் இறந்தவர்கள் பெயரை அராஞ்சா சொல்வாள் அல்லவா? இந்த வருஷம் அம்மா பெயரை விட்டுவிடச் சொல்லிவிட்டேன். வீட்டை ஏமாற்றியவளுக்கு வீட்டு வரிசையில் இடம் கிடையாது. "அப்படின்னா நீங்களே முட்டி போட்டுச் சொல்லிக்கோங்க. நான் சொன்னா அத்தை பேரோடதான் சொல்லுவேன்" என்கிறாள் அராஞ்சா. சொல்லத்தான் போகிறேன்.

எலாதியோ


அர்லேகி, 22 ஜூலை 2016

அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பிஸ்கோத்து காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முடிவு வந்துவிட்டது. எனக்கும் பிட்டோருக்கும் துணுக்கு ஒன்றேதான். "இது எத்தனை தலைமுறைக்கு முந்தினதுன்னு இதை வச்சு சொல்ல முடியாதுங்க" என்றாள் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண். மரியாதைக்குச் சொல்கிறாள், வேறென்ன.

அப்பா வாங்கிக்கொடுத்த கத்தியால்தான் இன்னமும் ரொட்டி வெட்டுகிறேன். நேற்று அதை எடுக்கவே கை கூசியது. இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

எலாதியோ


வில்யாசெக்கா மடம், 3 ஆகஸ்ட் 2016

தம்பி எலாதியோவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

எனக்கு ஏழு வயதில் அம்மா வீட்டுப் பட்டியலைச் சொல்லிக்கொடுத்தாள். அப்போது நீ பிறக்கவில்லை, வீடு எனக்குத்தான் வரும் என்ற பேச்சு இருந்தது. அராஞ்சா தாத்தா பாட்டியோடு நிறுத்திக்கொள்வாள், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். மீதியைக் கேள். அப்பா சந்தோஸ். அவருக்கு முன் ஹிலாரியோவும் பௌலாவும். அவர்களுக்கு முன் மான்வேலும் செபஸ்தியானாவும், பெயர் வைக்குமுன் போன மூன்று குழந்தைகளும். அவர்களுக்கு முன் குரூஸ், பனியில் செத்தவர். அவருக்கு முன் தியோனிசியோ. அவருக்கு முன் கிராசியானா, வீட்டுப் பெண். பெத்ரி, ஆலையிலிருந்து வந்தவர், ஒரு ஜோடி எருதோடும் ஆறு கம்பளியோடும்.

நம் பக்கத்தில் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று பெற்றவர்கள் தீர்மானிப்பார்கள். ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்று பார்ப்பதில்லை. அன்று கிராசியானாவுக்குக் கொடுத்தார்கள். அவளுடைய அண்ணன் தம்பிகள் சுபிகராய் என்ற பெயரை எடுத்துக்கொண்டு கடல் தாண்டியும் மலை தாண்டியும் போனார்கள். அந்த ஏழு பேர் அவர்கள் வழி. ஆலையிலிருந்து வந்த மாப்பிள்ளை நம் வீட்டுப் படி ஏறியதும் நம் வீட்டுப் பெயர் அவருக்கு வந்துவிட்டது, அவர் பிள்ளைகளுக்கும் அதே பெயர். அந்தக் காலத்தில் பெயர் வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை. நீ வீட்டோடு இருந்தவர்கள் வழி. உனக்கும் பிட்டோருக்கும் பொதுவான ஆள் உர்பானோ இல்லை, பெத்ரியின் அப்பா.

இனி நலம். உனக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை விடாதே. அம்மாவின் பெயரையும் விடாதே.

அக்கா


அர்லேகி, 17 ஆகஸ்ட் 2016

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிப்ரவரியில் கேட்டேன். மார்ச்சில் கேட்டேன். அப்போதெல்லாம் உனக்குப் பெத்ரி நினைவுக்கு வரவில்லை. ஆலைக்காரனோடு ஒத்துப்போகிறது என்று ஜூலையில் எழுதினேன், ஆகஸ்டில் ஆலையிலிருந்து எருதோடும் கம்பளியோடும் ஒரு மாப்பிள்ளை இறங்கி வருகிறார். சாட்சிக்கு நீ மட்டும். மடத்தில் இருப்பவள் அம்மாவைக் காப்பாற்ற ஒரு பெயரைச் செருகினால் அது பாவக் கணக்கில் வராதோ என்னவோ.

"அவங்க சொன்னாலும் சந்தேகம், சொல்லலேன்னாலும் சந்தேகம். உங்களுக்கு அக்கா வேணாம், போலீஸ்காரன்தான் வேணும்" என்கிறாள் அராஞ்சா. இருக்கட்டும். நம் பங்கின் பழைய புத்தகங்கள் பம்ப்லோனாவில் ஆயர் இல்லத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. செப்டம்பர் 13-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன்.

எலாதியோ


அர்லேகி, 14 செப்டம்பர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் புத்தகத்தை எடுத்து ஒரு சின்னத் தலையணைமேல் வைத்தாள். நாலு மணி நேரம் தேடினேன். 1781, மே மாதம். பெத்ரி, ஆலை வீட்டுப் பிள்ளை. கிராசியானா, சுபிகராய் வீட்டு வாரிசு. அதற்கடுத்த வருஷம் தியோனிசியோவின் ஞானஸ்நானம், பெயர் தியோனிசியோ சுபிகராய் என்றே இருக்கிறது. எருதுகூட விடுபடவில்லை அக்கா, திருமண ஒப்பந்தத்தின் சுருக்கத்தை ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார் அந்தக் காலத்துச் சாமியார். கம்பளி மட்டும் ஆறு இல்லை, ஐந்து.

அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. அம்மா சாகும் முன் பதினோரு நாள் அவளுக்குச் சோறு ஊட்டியவன் நான். அவளைத்தான் ஆறு மாதமாக ஊர்க் கிழவர்கள் ஒவ்வொருவரோடும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன்.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. இது உனக்கு ஏழு வயதிலிருந்தே மனப்பாடம். பிப்ரவரியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நான் பிட்டோரிடம் குழாயை நீட்டியிருக்க மாட்டேன். ஏன் எழுதவில்லை?

அம்மா கடைசியில் உன்னைத்தான் கேட்டாள். அப்போது மடத்துத் தாயார் அனுமதிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது புதுத் தாயார் வந்திருக்கிறாராமே. கல்லறைத் திருநாளுக்கு ஒரு நாள் கேட்டுப் பார். முழுப் பட்டியலும் உனக்குத்தான் தெரியும்.

உன் தம்பி,
எலாதியோ


வில்யாசெக்கா மடம், 2 அக்டோபர் 2016

அன்புத் தம்பி எலாதியோவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

பெத்ரியின் பெயர் உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே நினைவுக்கு வந்தது. எழுதவில்லை. கோபத்தால் இல்லை. அவரை நானே நம்பவில்லை. பழைய செத்தவர் ஒருவரை எடுத்து அம்மாவின் தப்பை மூடுகிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

எட்டு வயதிலிருந்து நான் பம்ப்லோனாவில் சித்தி வீட்டில் படித்தேன், கோடையில் மட்டும் வருவேன் என்பது உனக்குத் தெரியும். 1957, ஜூலை. அம்மா ஆலையிலிருந்து வந்தாள். கறுப்புச் சட்டை. முதுகில் வெள்ளையாக ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக, பெரிய ஆண் கை. அவள் பாடிக்கொண்டே சோளமாவைப் பெட்டியில் கொட்டினாள். அடுத்த ஏப்ரலில் நீ பிறந்தாய். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது.

யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் வீடு எனக்கு வேண்டாம் என்று இங்கே வந்தேன். தேவ அழைத்தல் என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டு அவள் எதுவுமே நடக்காதது போல இருந்தாளே, அவளோடு ஒரே மேசையில் சாப்பிட என்னால் முடியவில்லை.

அவள் சாகக் கிடந்தபோது தாயார் அனுமதிக்கவில்லை என்று எழுதினேன். பொய். நான் கேட்கவே இல்லை.

உன்னை "எப்படி மனம் வந்தது" என்று திட்டினேன். அந்த மனம் எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. நீ ஆறு மாதம் சந்தேகப்பட்டு, பிறகு பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தாய். நான் ஐம்பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த இடத்தில் இருந்தேன். அந்தக் கை எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

புதுத் தாயாரிடம் கேட்டேன். "இத்தனை வருஷமா ஏன் ஒரு தடவைகூடக் கேக்கல?" என்றார். ஒரு நாள் கொடுத்திருக்கிறார். நான் வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

தோமாசா


அர்லேகி, 16 அக்டோபர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு அராஞ்சா கரடிக் கொழுப்பு என்று எதையோ வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கென்னவோ அது பன்றிக் கொழுப்பு என்றுதான் சந்தேகம். பார், இந்தக் குணம் போகவில்லை.

உன் கடிதம் வந்ததும் கோபம் வந்தது. நாலு நாள் இருந்தது. அம்மா கடைசியில் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள், அதை நான் உனக்கு மறைக்கப் போவதில்லை. ஐந்தாம் நாள் ஆலைக்குப் போனேன். பிட்டோரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது. அவன் சோளம் அரைத்துக்கொண்டிருந்தான், தலை தூக்கவில்லை. கேட்டேன். "ம்" என்றான். வியாழக்கிழமை வருகிறாயா என்றேன். "வரேன். ஆனா குழாயோட வராதே" என்றான்.

பிறகுதான் உன் பெயரைச் சொல்லாமல் அந்தக் கையைப் பற்றிக் கேட்டேன். உங்கப்பா எப்போதாவது பெண்களின் முதுகில் கை வைப்பாரா என்று.

அவன் கல்லை நிறுத்திவிட்டான். "பொம்பள என்ன, ஆம்பள என்ன? மாவு நல்லா விழுந்துச்சுன்னா எங்கப்பா பக்கத்துல யார் நின்னாலும் முதுகுல ஒரு தட்டு. பழைய சாமியார் கறுப்பு அங்கியில அஞ்சு வெரலோட பூசை வச்சிருக்காரு. போலீஸ்காரன் ஒருத்தன் தட்டு வாங்கிட்டு துப்பாக்கியவே தூக்கிட்டான். ஊர்ல பாதிப்பேர் முதுகுல எங்கப்பா கை இருந்துச்சுடா. ஏன், உன் கோட்டுல என் கை விழலியா? அதையும் சோதனைக்கு அனுப்பிடு."

கோடை விடுமுறைக்கு மட்டும் வந்துபோனவளுக்கு இது தெரிந்திருக்காது. இங்கேயே இருந்த எனக்கு அவன் சொன்னதும் எல்லாம் நினைவுக்கு வந்தது. நீ ஒரு தரம் கேட்டிருந்தால் நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன் அக்கா. நானும் உன்னிடம் சரியாகக் கேட்கவில்லை, எதைப் பார்த்தாய் என்று அதட்டத்தான் செய்தேன்.

வா. கேள்வியே வேண்டாம். நவம்பர் 2, பூசை பத்து மணிக்கு. மெழுகுப் பலகையில் அராஞ்சா புதுத் திரி சுற்றி வைத்திருக்கிறாள். பட்டியலை நீ சொல்ல வேண்டும், பெத்ரியிலிருந்து அம்மா வரை.

பேருந்து ஒன்பதரைக்கு வந்துவிடும். என் வண்டிக்கு பிரேக் சரியில்லை, அதனால் பிட்டோர் வந்து உன்னை அழைத்துவருவான். அன்று விடியற்காலையிலேயே அவனுக்கு அரைக்கும் வேலை இருக்கிறது. உன்னைக் கண்டதும் முதுகில் ஒரு தட்டு நிச்சயம். உன் அங்கியும் கறுப்பு. துலக்காமல் அப்படியே கோயிலுக்கு வா.

உன் தம்பி,
எலாதியோ